குவாண்டம் எந்திரத்தின் கடிவாளம் யார் கையில்?

விண்வெளியை விடக் குளிரான இடம் பூமியில் உண்டா?

உண்டு. அது வட துருவம் அல்ல. தென் துருவமும் அல்ல. ஒரு பீப்பாயின் அடிப்பாகம்!

அமெரிக்கா, ஜப்பான், சீனா, நெதர்லாந்து, இந்தியா முதலிய நாடுகளின் ஆராய்ச்சிக் கூடங்களில் இப்படிப்பட்ட பீப்பாய்கள் இருக்கின்றன. ஆள் உயரம் இருக்கும். மேலே இருந்து தொங்கும். மூடியைக் கழற்றினால், உள்ளே தங்க நிறத் தட்டுகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும். தட்டுகளின் நடுவே மெல்லிய குழாய்களும் கம்பிகளும் ஓடும். பார்த்தால், தலைகீழாகத் தொங்கவிட்ட குத்துவிளக்குப் போல இருக்கும்.

ஒவ்வொரு தட்டும் தனக்கு மேலே உள்ள தட்டை விடக் குளிர்ந்தது. கடைசித் தட்டின் அடியில் ஒரு சிறு சில்லு இருக்கிறது. தபால் தலை அளவுதான். அதுதான் குவாண்டம் கம்ப்யூட்டரின் இதயம்.

குளிருக்கு ஓர் அடிமட்டம் உண்டு. பூஜ்ய டிகிரிக்குக் கீழே 273.15 டிகிரி சென்டிகிரேட். அதற்குக் கீழே எதுவும் போக முடியாது. நட்சத்திரங்களுக்கு நடுவே உள்ள வெட்டவெளி, அந்த அடிமட்டத்துக்கு மேலே 2.7 டிகிரியில் இருக்கிறது. பீப்பாயின் அடியில் உள்ள சில்லோ, அடிமட்டத்துக்கு மேலே ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு அல்லது இரண்டு பங்கில் இருக்கிறது!

பத்திரிகைகளில் வரும் படங்களில் இந்தப் பீப்பாயைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் படத்தில் வராத ஒரு பொருள் பக்கத்திலேயே நிற்கிறது. அது ஓர் இரும்பு அலமாரி. சாதாரண அறையில், சாதாரண வெப்பத்தில் நிற்கிறது. அதிலிருந்து கம்பிகள் கிளம்பிப் பீப்பாய்க்குள் இறங்குகின்றன.

பீப்பாய் குதிரை என்றால், அலமாரிதான் கடிவாளம். கடிவாளம் இல்லாவிட்டால், அந்தப் பீப்பாய் விலை உயர்ந்த ஐஸ் பெட்டிதான்!

அந்தக் கடிவாளத்தை இப்போது மனிதர்கள் கையால் பிடிப்பதில்லை. கட்டளைகளை எழுதிப் பிடிக்கிறார்கள். சாப்ட்வேர் என்று சொல்கிறோமே, அதுதான். அந்தக் கட்டளைகளை எழுதும் உரிமை சிலருக்கு மட்டும் இருக்க வேண்டுமா? எல்லாருக்கும் கிடைக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு இரண்டு விதமான பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன.

அதைப் புரிந்துகொள்ள, முதலில் எந்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சுவிட்ச் அல்ல, அலை

சாதாரணக் கம்ப்யூட்டருக்குள் இருப்பவை எல்லாம் சுவிட்சுகள். ஒரு சுவிட்ச் போட்டிருக்கும், அல்லது அணைந்திருக்கும். போட்டிருந்தால் 1. அணைந்திருந்தால் 0. கோடிக்கணக்கான சுவிட்சுகளைப் போட்டு அணைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது, படம் காட்டுகிறது, பாட்டுப் பாடுகிறது.

குவாண்டம் கம்ப்யூட்டரில் சுவிட்சுக்குப் பதில் "கியூபிட்" இருக்கிறது. அது 0 ஆக இருக்கலாம். 1 ஆக இருக்கலாம். இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கலாம். அளந்து பார்க்கும்போதுதான் 0 அல்லது 1 என்று ஒரு முடிவுக்கு வரும்.

"எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் கண்டுபிடித்துவிடும் எந்திரம்" என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. குளத்தில் இரண்டு கற்களை எறிந்தால், இரண்டு அலைகள் கிளம்பும். அவை சந்திக்கும் இடத்தில் சில அலைகள் சேர்ந்து உயரும். சில அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கியூபிட்டுகளுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. தவறான விடைகளின் அலைகள் அழிய வேண்டும். சரியான விடையின் அலை உயர வேண்டும். அப்படி அலைகளை ஓட விடுவதுதான் இந்த எந்திரத்தின் வித்தை.

அலைகள் ஒரு மயிரிழை தவறினாலும் வித்தை பலிக்காது. அதனால்தான் கடிவாளம் முக்கியம்.

நோபல் பரிசு பெற்ற மூவர்

கியூபிட்டுகளைப் பல விதமாகச் செய்யலாம். இங்கே சொல்வது அலுமினியத்தால் செய்யும் வகை. மிகுந்த குளிரில் அலுமினியம் மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்தும். இரண்டு அலுமினியப் படலங்களுக்கு நடுவே, மிக மிக மெல்லிய ஒரு தடுப்பு வைத்தால், மின்சாரம் அந்தத் தடுப்பையும் ஊடுருவிப் போகும். இதை 1962-ம் ஆண்டில் கணக்குப் போட்டுச் சொன்னவர் பிரையன் ஜோசப்சன். கேம்பிரிட்ஜ் மாணவர். அப்போது அவருக்கு வயது 22! 1973-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1984, 1985-ம் ஆண்டுகளில், கலிபோர்னியாவில் உள்ள பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் மூன்று பேர் இந்தத் தடுப்பை வைத்துச் சோதனை செய்தார்கள். ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் என்பவர்கள் அவர்கள். கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய அளவுள்ள ஒரு மின்சுற்று, அணுவைப் போல நடந்துகொள்வதை அவர்கள் நிரூபித்தார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025-ம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு மூவருக்கும் கிடைத்தது.

அவர்கள் பட்ட பெரும்பாடு எது தெரியுமா? வேண்டாத சிக்னல்களைத் தடுப்பது! அறையில் உள்ள வானொலி அலை, மின்சார இரைச்சல் எல்லாம் கம்பி வழியாக உள்ளே புகுந்து சோதனையைக் கெடுத்தன. அவற்றைத் தடுக்கச் செப்புத் தூளால் வடிகட்டி செய்து வைத்தார்கள். காபியை வடிகட்டுவது போலச் சிக்னலை வடிகட்டினார்கள். முதலில் வேண்டாததைத் தடுக்க வேண்டும். பிறகு வேண்டியதை அனுப்ப வேண்டும். அன்று தொடங்கிய அந்த வேலை இன்றும் நடக்கிறது.

ஊஞ்சலை ஆட்டும் கை

வேண்டியதை எப்படி அனுப்புகிறார்கள்?

ஊஞ்சலில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. தாய் பின்னால் நின்று தள்ளுகிறாள். ஊஞ்சல் வந்து போகும் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால், சிறு சிறு தள்ளுதலிலேயே ஊஞ்சல் உயரப் போகும். தாளம் தவறித் தள்ளினால் ஊஞ்சல் நின்றுவிடும்.

கியூபிட்டும் ஓர் ஊஞ்சல். அதன் தாளம் ஒரு வினாடிக்குச் சுமார் 500 கோடி ஆட்டம்! அதே தாளமுள்ள ஓர் அலையை அனுப்பினால்தான் கியூபிட் அசையும். இந்த அலைக்கு மைக்ரோவேவ் என்று பெயர். வீட்டில் உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பிலும் இதே இனத்து அலைதான். அடுப்பின் அலை வினாடிக்கு 245 கோடி முறை ஆடுகிறது. கியூபிட்டின் அலை அதைப் போல இரண்டு மடங்கு வேகம். ஆனால் பலம் மிக மிகக் குறைவு. அறையிலிருந்து கிளம்பும் சிக்னலைத் தட்டுக்குத் தட்டு பலம் குறைத்து, சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்காக்கித்தான் சில்லுக்கு அனுப்புகிறார்கள். அறையின் வெப்ப இரைச்சல் சிக்னலோடு சேர்ந்து உள்ளே போகாமல் இருப்பதற்காக இந்த ஏற்பாடு.

அலையைத் தொடர்ந்து அனுப்புவதில்லை. ஒரே ஒரு துடிப்பாக அனுப்புகிறார்கள். துடிப்பின் நீளம் சுமார் 25 நானோ வினாடி. ஒரு வினாடியை 100 கோடித் துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டுதான் ஒரு நானோ வினாடி. 25 நானோ வினாடியில் ஒளி எவ்வளவு தூரம் போகும்? சுமார் 25 அடி! வாசலிலிருந்து கொல்லைப்புறம் போகும் தூரம். உலகத்திலேயே வேகமான ஒளி அவ்வளவு தூரம் போவதற்குள், ஒரு துடிப்பு தொடங்கி முடிந்துவிடுகிறது.

துடிப்பின் பலமும் நீளமும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. ஒரு குறிப்பிட்ட பலத்தில் அனுப்பினால் 0 என்பது 1 ஆகிவிடும். அதில் பாதி பலத்தில் அனுப்பினால் இரண்டும் கலந்த நிலை வரும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு தவறும்.

அவசரமும் வேண்டும். கியூபிட்டின் நிலை வெகு விரைவில் கலைந்துவிடும். கூகுள் கம்பெனி 2024 டிசம்பரில் அறிவித்த "வில்லோ" என்னும் சில்லில் 105 கியூபிட்டுகள் உண்டு. அவற்றின் சராசரி ஆயுள், ஒரு வினாடியைப் பத்து லட்சம் துண்டாக்கினால் அதில் சுமார் 70 துண்டு நேரம். அதற்குள் எல்லா வேலையும் முடிய வேண்டும். அல்லது பிழையைத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

கை போய், கட்டளை வந்தது

பழைய ஆராய்ச்சிக் கூடங்களில் இந்தத் துடிப்புகளை உண்டாக்க ஏராளமான கருவிகள் வேண்டியிருந்தன. ஒரு கருவி அலையை உண்டாக்கும். இன்னொரு கருவி அதன் வடிவத்தை உண்டாக்கும். மூன்றாவது கருவி இரண்டையும் கலக்கும். மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்து குமிழ்களைத் திருகுவார்கள். ஒரு கியூபிட்டுக்கே அலமாரியில் பாதி நிரம்பிவிடும்.

கம்ப்யூட்டர்களின் சரித்திரத்தில் இது புதிதல்ல. 1946-ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் "எனியாக்" என்னும் மின்சார மூளையை உலகத்துக்குக் காட்டினார்கள். அதில் சுமார் 18 ஆயிரம் வால்வுகள் இருந்தன. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்ற வேண்டுமானால், கம்பிகளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருக வேண்டும். ஆறு பெண்மணிகள் அந்த வேலையைச் செய்தார்கள். ஒரு கணக்குக்குத் தயார் செய்யவே நாள் கணக்கில் ஆகும். பிறகுதான் கட்டளைகளைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சேர்த்து வைக்கும் முறை வந்தது. கம்பியை மாற்றாமல் கட்டளையை மாற்றினால் போதும் என்று ஆயிற்று. அன்றிலிருந்துதான் கம்ப்யூட்டர் வேகமாக வளர்ந்தது.

குவாண்டம் எந்திரத்திலும் இப்போது அதே மாற்றம் நடந்திருக்கிறது. துடிப்பின் வடிவத்தை எண்களாக எழுதிவிடுகிறார்கள். ஒரு கோலத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் புள்ளிகள். பிறகு புள்ளிகளைச் சேர்க்கும் கோடு. சாப்ட்வேர் புள்ளிகளை வைக்கிறது. அதாவது எண்களைக் கொடுக்கிறது. ஒரு மின்னணுச் சில்லு அந்த எண்களை மின்சாரமாக்கி, கோட்டை இழுக்கிறது, அதாவது அலையாக்குகிறது. ஒரு வினாடியில் 600 கோடிக்கு மேற்பட்ட எண்களை அலையாக்கும் சில்லுகள் கடையில் விற்கின்றன. அவற்றின் உள் இணைப்புகளையே கட்டளையால் மாற்றி அமைக்கலாம். எனியாக்கின் கம்பிகளைக் கையால் மாற்றினார்கள். இங்கே கம்பிகளையும் கட்டளையே மாற்றுகிறது!

படி தாண்டாத தள்ளுதல்

குமிழைத் திருகும் கையால் செய்ய முடியாத பல காரியங்களைக் கட்டளை செய்கிறது. அவற்றில் ஒன்று, துடிப்பின் வடிவத்தைச் செதுக்குவது.

கியூபிட்டில் 0 என்பது தரை. 1 என்பது முதல் படி. ஆனால் இரண்டாம் படி, மூன்றாம் படி என்று மேலேயும் படிகள் உண்டு. அவை வேண்டாத படிகள். அவசரப்பட்டுச் சட்டென்று தள்ளினால், கியூபிட் முதல் படியில் நிற்காமல் இரண்டாம் படிக்குத் தாவிவிடும். கணக்கு கெட்டுவிடும். மெதுவாகத் தள்ளினால் தாவாது. ஆனால் அதற்குள் கியூபிட்டின் ஆயுள் தீர்ந்துவிடும்!

இந்தச் சங்கடத்துக்கு 2009-ல் ஒரு வழி பிறந்தது. பெலிக்ஸ் மோட்சோய், ஜே கம்பெட்டா முதலிய நால்வர் அதைக் கண்டார்கள். முக்கியத் துடிப்போடு, இன்னொரு சிறு துடிப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும். முதல் துடிப்பு எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறதோ, அதற்குத் தக்கபடி இரண்டாவது துடிப்பு அமைய வேண்டும். அது இரண்டாம் படிக்குப் போகும் தாவலைத் தடுத்துவிடும். எந்திரத்தில் ஓர் ஆணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. அனுப்பும் எண்களை மாற்றினால் போதும். இன்று உலகம் முழுவதும் இந்த முறை வழங்குகிறது.

செய்யாமலே நடக்கும் வேலை

இன்னொரு வேடிக்கை.

கணக்கின் நடுவே சில சமயம், கியூபிட்டின் தாளத்தை ஒரு சிறிது முன்னே தள்ள வேண்டியிருக்கும். அதற்கும் ஒரு துடிப்பு அனுப்பலாம். அனுப்பினால் நேரமும் போகும், பிழையும் சேரும். ஐ.பி.எம். கம்பெனியின் விஞ்ஞானிகள் 2017-ல் ஒரு சுலபமான முறையை விளக்கினார்கள். கியூபிட்டைத் தொடவே வேண்டாம். அதற்குப் பிறகு அனுப்பப் போகும் துடிப்புகளின் தாளத்தை மட்டும் அந்த அளவுக்கு மாற்றிக் கணக்கு வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு வீட்டுக் கடிகாரம் பத்து நிமிஷம் முன்னே ஓடுகிறது. வீட்டில் இருப்பவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில்லை. "பத்து நிமிஷம் கழித்துக்கொள்" என்று மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். வேலை நடக்கிறது அல்லவா? அதுபோலத்தான்.

இதற்குப் பிடிக்கும் நேரம் பூஜ்யம். பிழையும் ஏறக்குறைய பூஜ்யம். சிக்னலே அனுப்பாமல், கட்டளையில் மட்டும் நடக்கும் வேலை இது!

தினமும் சுருதி சேர்க்க வேண்டும்

தம்புராவை ஒரு தடவை சுருதி சேர்த்துவிட்டால் போதுமா? மறுநாள் மறுபடியும் சேர்க்க வேண்டும். கியூபிட்டும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் சுருதி. ஒரே சில்லில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவைகூட ஒன்று போல இருக்காது. செய்யும்போது ஏற்படும் சிறு குறைகளால் சுருதி நாளுக்கு நாள் நகரும்.

ஒரு கியூபிட்டாக இருந்தால் ஒரு மாணவர் உட்கார்ந்து சரிசெய்யலாம். நூறு கியூபிட்டுகளுக்கு? ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் உள்ளது கெடும். எதைச் சரிசெய்த பிறகு எதைச் சரிசெய்வது என்ற வரிசையும் உண்டு. கூகுள் விஞ்ஞானிகள் 2018-ல் இதற்கு ஒரு முறையை வெளியிட்டார்கள். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். எது கெட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டரே சோதிக்கும். காரணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகும். அங்கிருந்து சரிசெய்துகொண்டு வரும். மனிதர் தூங்கலாம், எந்திரம் தனக்குத் தானே சுருதி சேர்த்துக்கொள்ளும்.

பத்து லட்சம் கியூபிட் வந்தால்?

நூறு கியூபிட்டுக்கே இவ்வளவு பாடு. பத்து லட்சம் வந்தால் என்ன செய்வது?

இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. வங்கிக் கணக்கு, கடிதம், அரசாங்க ரகசியம் எல்லாவற்றையும் இன்று கணக்குப் பூட்டுகள் காக்கின்றன. அவற்றில் ஒரு முக்கியமான பூட்டைக் குவாண்டம் கம்ப்யூட்டர் உடைக்கும் என்று பீட்டர் ஷோர் என்னும் அமெரிக்கர் 1994-ல் காட்டினார். அதற்கு எத்தனை கியூபிட் வேண்டும்? இரண்டு கோடி என்று 2019-ல் கணக்குப் போட்டார்கள். பத்து லட்சத்துக்கும் குறைவாகவே போதும், ஒரு வாரத்துக்குள் முடியும் என்று கூகுளைச் சேர்ந்த கிரெய்க் கிட்னி 2025 மே மாதம் வெளியிட்டார். அவ்வளவு பெரிய எந்திரம் இன்னும் யாரிடமும் இல்லை. இருந்தாலும், அமெரிக்க அரசின் தர நிர்ணய நிலையம் 2024 ஆகஸ்டிலேயே புதுப் பூட்டுகளை வெளியிட்டுவிட்டது.

அவ்வளவு பெரிய எந்திரம் கட்டுவதற்குக் குறுக்கே நிற்பவற்றில் ஒன்று இந்தக் கடிவாளம்தான். பத்து லட்சம் கியூபிட்டுக்கு அலமாரியிலிருந்து பத்து லட்சம் கம்பிகள் இழுக்க முடியாது. கம்பி வழியாக வெப்பம் இறங்கும். பீப்பாயின் அடித்தட்டு, ஒரு சிறு டார்ச் விளக்கின் சூட்டைக்கூடத் தாங்காது! அதனால் கடிவாளத்தையே பீப்பாய்க்குள் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். இன்டெல் கம்பெனியும் நெதர்லாந்தின் டெல்ப்ட் நகர விஞ்ஞானிகளும் சேர்ந்து, குளிரில் வேலை செய்யும் ஒரு சிக்னல் சில்லைச் செய்தார்கள். "ஹார்ஸ் ரிட்ஜ்" என்ற அந்தச் சில்லு 2019 டிசம்பரில் வெளிவந்தது.

வேகமும் ஒரு பிரச்சினை. வில்லோ சில்லில் பல கியூபிட்டுகளைச் சேர்த்து ஒரே கியூபிட் போல நடத்தி, பிழையைப் பிடிக்கிறார்கள். மூன்றுக்கு மூன்று கட்டமாக இருந்ததை ஐந்துக்கு ஐந்து, ஏழுக்கு ஏழு என்று பெரிதாக்கியபோது, ஒவ்வொரு தடவையும் பிழை பாதிக்குக் கீழே குறைந்தது. முப்பது ஆண்டுகளாக எதிர்பார்த்த வெற்றி இது. ஆனால் இதற்காக வினாடிக்கு ஒன்பது லட்சம் தடவை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அளந்த விவரம் மேலே வர வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டர் அதைப் படிக்க வேண்டும். எங்கே பிழை என்று சொல்ல வேண்டும். அது பின்தங்கினால், கணக்கு கூடிக்கொண்டே போய் எந்திரம் முழுவதும் தேங்கிவிடும்.

சிகாகோவில் திறந்த கதவு

இப்போது கடிவாளம் யார் கையில் என்ற கேள்விக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை, இந்தச் சிக்னல் கருவிகளை ஒரு சில கம்பெனிகள் மட்டுமே விற்றன. விலை அதிகம். உள்ளே என்ன நடக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியாது. பணமுள்ள பல்கலைக்கழகம் வாங்கும். மற்றவை ஏங்கும்.

சிகாகோ நகருக்கு அருகே "பெர்மிலாப்" என்னும் அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அணுவுக்குள் உள்ள துகள்களை ஆராய்வது அதன் பழைய வேலை. அதனால் அதிவேக மின்னணுக் கருவிகள் செய்வதில் அங்கே உள்ள என்ஜினியர்கள் கைதேர்ந்தவர்கள். குஸ்தாவோ கன்செலோ என்பவரின் தலைமையில், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு, அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கடையில் கிடைக்கும் ஒரே ஒரு மின்னணுப் பலகையை வாங்கினார்கள். அதற்கு வேண்டிய கட்டளைகளை எழுதினார்கள். அலமாரி நிறைய இருந்த கருவிகளின் வேலையை அந்தப் பலகை செய்தது! அதற்குக் "குவிக்" என்று பெயர் வைத்தார்கள். 2021-ல் விவரங்களை வெளியிட்டார்கள்.

பிறகு அவர்கள் செய்ததுதான் பெரிய காரியம். கட்டளைகள் முழுவதையும் இலவசமாக வெளியே வைத்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், திருத்தலாம். கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்கிலி ஆராய்ச்சி நிலையமும் "கியூபிக்" என்ற பெயரில் இதே போன்ற ஒரு கடிவாளத்தைச் செய்து, அதையும் எல்லாருக்கும் திறந்துவிட்டது.

சமையல் குறிப்பை மறைத்து வைக்கும் சமையல்காரர் உண்டு. ஊருக்கே சொல்லிக் கொடுப்பவரும் உண்டு. இவர்கள் இரண்டாவது வகை.

நியூயார்க்கில் மூடிய கதவு

ஐ.பி.எம். கம்பெனியின் கதை வேறு விதம்.

2016 மே மாதத்தில், நியூயார்க் மாநிலத்தில் உள்ள தன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஐந்து கியூபிட் எந்திரத்தை, ஐ.பி.எம். இன்டர்நெட் வழியாக எல்லாருக்கும் திறந்துவிட்டது. உலகத்தின் எந்த மூலையில் இருக்கும் மாணவரும் வீட்டிலிருந்தே அந்த எந்திரத்துக்குக் கணக்கு அனுப்பலாம். 

2019-ல் இன்னும் ஒரு படி மேலே போனது. "அர்மாங்க்" என்ற ஒரு கியூபிட் எந்திரத்தில், துடிப்புகளையே வெளியார் எழுதலாம் என்று அனுமதித்தது. அதாவது, வண்டியில் ஏறிப் போகலாம் என்று மட்டும் சொல்லவில்லை. கடிவாளத்தையும் கையில் கொடுத்தது! பிறகு வேறு எந்திரங்களிலும் இந்த வசதி வந்தது. பல நாட்டு மாணவர்கள் துடிப்புகளைச் செதுக்கிப் பழகினார்கள். புது முறைகளைச் சோதித்தார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல வந்தன.

2025 பிப்ரவரியில் ஐ.பி.எம். அந்தக் கதவை மூடிவிட்டது. இப்போது வெளியார் கணக்கு அனுப்பலாம். துடிப்பை எழுத முடியாது. அதற்குப் பதிலாக, கியூபிட்டை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லக்கூடிய சில கட்டளைகளைக் கம்பெனி கொடுத்திருக்கிறது.

இதில் ஒரு நியாயமும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட கியூபிட் உள்ள எந்திரத்தில், ஒவ்வொருவரும் தன் இஷ்டத்துக்குத் துடிப்பு எழுதினால், சுருதி சேர்த்து வைத்ததெல்லாம் வீணாகலாம். பஸ்ஸில் ஏறும் பயணிகள் எல்லாரும் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியுமா? பெரும்பாலோருக்கு ஊர் போய்ச் சேர்ந்தால் போதும்.

மறுபக்கமும் உண்டு. ஸ்டியரிங்கைத் தொடாமல் யாரும் டிரைவராக முடியாது. துடிப்பு செதுக்கும் வித்தை ஒரு சில கம்பெனிகளின் சுவருக்குள் மட்டும் இருந்தால், அதைக் கற்க விரும்பும் மற்ற நாட்டு மாணவர் எங்கே போவார்? 2009-ல் நால்வர் கண்ட வழி ஆராய்ச்சிப் பத்திரிகையில் அச்சானதால்தான் உலகம் முழுவதும் பரவியது. அடுத்த வழி எங்கே பிறக்கும் என்று யார் சொல்ல முடியும்?

இந்தியாவில் என்ன நடக்கிறது?

இந்திய அரசு 2023 ஏப்ரலில் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. செலவு 6,003 கோடி ரூபாய். காலம் 2031 வரை.

2024 ஆகஸ்டில் ஒரு நல்ல செய்தி வந்தது. பம்பாயில் உள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் ஆறு கியூபிட் உள்ள ஒரு சில்லைத் தயாரித்தது. புனாவில் உள்ள ராணுவ ஆராய்ச்சி இலாகாவின் இளம் விஞ்ஞானிகள் கூடம் கடிவாளத்தைச் செய்தது. கடையில் கிடைத்த கருவிகளையும், தாங்களே கட்டளை எழுதிய பலகைகளையும் சேர்த்து அதை உருவாக்கினார்கள். டி.சி.எஸ். கம்பெனி இன்டர்நெட் இணைப்பைச் செய்தது. வெளியிலிருந்து கணக்கை அனுப்பி, விடையைத் திருப்பி வாங்கிப் பார்த்தார்கள். வெற்றி!

கூகுளின் 105-க்கு முன்னால் ஆறு சிறியதுதான். ஆனால் கடிவாளத்தின் கட்டளையைத் தாங்களே எழுதினார்கள் என்பது சிறிய விஷயம் அல்ல. சில்லை வாங்கலாம், பீப்பாயை வாங்கலாம், பலகையை வாங்கலாம். கட்டளை எழுதும் கையை வாங்க முடியாது. பழகித்தான் வர வேண்டும்.

குதிரையை எண்ணினால் போதாது

"ஆயிரம் கியூபிட் எந்திரம்! பத்தாயிரம் கியூபிட் எந்திரம்!" என்று இனி அடிக்கடி செய்திகள் வரும். வரும்போது வியப்படையலாம். ஆனால் லாயத்தில் எத்தனை குதிரை நிற்கிறது என்று எண்ணினால் மட்டும் போதாது.

எத்தனை துடிப்புக்கு ஒரு பிழை வருகிறது? சுருதி எத்தனை நாழிகை நிற்கிறது? பிழையைக் கண்டு திருத்தும் கம்ப்யூட்டர் ஈடு கொடுக்கிறதா? துடிப்பை எழுதும் கட்டளை எல்லாரும் படிக்கும்படி இருக்கிறதா, பூட்டி இருக்கிறதா?

இந்த நான்கு கேள்விகளையும் கேட்க வேண்டும். பீப்பாய்க்குள் இருக்கும் சில்லைப் பார்க்க நம்மில் யாருக்கும் வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம். ஆனால் பக்கத்தில் நிற்கும் அலமாரியின் கட்டளைகள் இன்று திறந்து கிடக்கின்றன. ஒரு கம்ப்யூட்டரும் படிக்கும் ஆசையும் உள்ள கல்லூரி மாணவர், தம் வீட்டில் உட்கார்ந்து அவற்றைப் படிக்கலாம். கடிவாளம் பிடிக்கப் பழகுவதற்கு அதுதான் முதல் பாடம்.